பாரிஸில் யார் இருக்கிறார்கள்?

1

போன வாரம் இங்கே அமெரிக்காவில், எங்கள் மான்மவுத் ஜங்ஷன் அபார்ட்மென்ட்டில் மூன்று வாசல் தள்ளிக் குடியிருக்கும் பெண் ஒருத்தி, கையில் காலண்டரோடு வந்து நின்றாள். ஆகஸ்டில் ஊருக்குப் போகும் வழியில் ரோமில் மூன்று நாள் இறங்கிப் பார்த்துவிட்டுப் போகலாமென்று இருக்கிறார்களாம். எப்படி பிளான் போடுவது என்று என்னைக் கேட்டு வரச் சொல்லி அவள் புருஷன் அனுப்பியிருக்கிறான். நான் ஏதோ ஐரோப்பாவைக் கரைத்துக் குடித்தவள் என்று இந்த வட்டாரத்தில் ஒரு பெயர் வந்துவிட்டது. உண்மையில் நான் பார்த்தது ஒரே ஊர், அதுவும் மூன்றே நாள்.

உட்கார வைத்துக் காபி கொடுத்தேன். நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றி, அவள் கேட்ட முதல் கேள்வி இது: "அக்கா, ரோம்ல நம்ம ஆளுங்க யாராச்சும் தெரியுமா?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. காபியே புரையேறிவிட்டது. அந்தப் பெண்ணுக்கு முகம் சுண்டிப்போனது. அப்புறம் சமாதானம் சொல்லி, பிளானும் போட்டுக் கொடுத்துத்தான் அனுப்பினேன். ஆனால் ஏன் சிரித்தேன் என்பதை அவளுக்கு விளக்க நேரமில்லை. ஊரில் இருக்கும் நீங்கள் சாவகாசமாக இருப்பீர்கள், உங்களுக்குச் சொல்கிறேன்.

2

எங்கள் பெருந்துறைப் பக்கம் 'ஒறம்பரை' என்று ஒரு சொல் உண்டு. சொந்தக்காரர்கள், விருந்தாளிகள் இரண்டு பேருக்கும் அது ஒன்றுதான். நாங்கள் ஊர் பார்க்கப் போகிற ஜாதி இல்லை, ஒறம்பரைக்குப் போகிற ஜாதி. ஊட்டி பார்க்க வேண்டுமென்றால் குன்னூரில் யாராவது இருக்க வேண்டும். கன்னியாகுமரி பார்க்க வேண்டுமென்றால் நாகர்கோவிலில் யாருக்காவது வேலை மாற்றலாக வேண்டும். யாருமே இல்லாத ஊர் எங்களைப் பொறுத்தவரை ஊரே இல்லை.

இந்தப் பழக்கம் பாஸ்போர்ட், விசா எதுவும் கேட்காமல் எங்களோடு அமெரிக்காவுக்கும் வந்துவிட்டது. நயாகரா பார்த்தோம், பஃபலோவில் என் வீட்டுக்காரரின் காலேஜ் சிநேகிதர் இருந்தார். டிஸ்னி பார்த்தோம், டாம்ப்பாவில் அந்தச் சிநேகிதரின் மச்சினர் இருந்தார். வாஷிங்டனில் யார் வீட்டில் தங்கினோம் என்று எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. நல்ல மனுஷர்கள், வாசலிலேயே நின்று வரவேற்றார்கள், இரண்டு நாள் அவர்கள் படுக்கையறையை எங்களுக்குக் கொடுத்துவிட்டு ஹாலில் படுத்தார்கள்.

குறை சொல்லவில்லை. ஆனால் ஒருத்தர் வீட்டில் போய் இறங்கிவிட்டு, அந்த வீட்டுப் பெண் தனியாக அடுப்படியில் நிற்கும்போது நான் சோபாவில் சாய்ந்து உட்கார முடியுமா? ஸ்வீட் பாக்ஸைக் கொடுத்த கையோடு கத்தியை வாங்கிக்கொள்வேன். டாம்ப்பாவில் நான் அரிந்த வெங்காயத்துக்கு அங்கே ஒரு ஓட்டலே நடத்தியிருக்கலாம். டிஸ்னி கோட்டையைப் பார்க்கப் போன அன்றும் என் விரலில் அந்த வாசனைதான் இருந்தது.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. நாங்கள் இருப்பது நியூயார்க்குக்கு ரயிலில் ஒரு மணி நேரத் தூரம். அப்படியானால் நியூயார்க்கில் யார் இருக்கிறார்கள்? நாங்கள் இருக்கிறோம். சுதந்திர தேவி சிலைக்கு மட்டும் நான் இருபது தடவைக்குமேல் போயிருப்பேன். வருகிறவர்களுக்குப் புளிசோறு கட்டி, தண்ணீர் பாட்டில் எடுத்து, படகுத் துறையில் அவர்கள் பைகளுக்குக் காவல் உட்கார்ந்து, சாயங்காலம் வந்து தோசைக் கல்லைப் போட வேண்டும். "உங்களுக்கென்னக்கா, தினமும் பாப்பீங்க" என்று எல்லாரும் ஒரே மாதிரி சொல்லிவிட்டுப் போவார்கள்.

ஆக, கல்யாணமாகி அமெரிக்கா வந்து பத்து வருஷத்தில், நான் ஒரு ராத்திரிகூட ஹோட்டலில் படுத்ததில்லை. ஒன்று என் வீடு, இல்லையென்றால் ஒறம்பரை வீடு.

3

எங்கள் ஊர் லைப்ரரியில் எனக்குப் பகுதி நேர வேலை. திரும்பி வரும் புத்தகங்களை நம்பர் பார்த்து அலமாரியில் அடுக்க வேண்டும். தொள்ளாயிரத்துப் பதினாலு என்றால் ஐரோப்பியப் பயணப் புத்தகங்கள். அந்த அலமாரிக்குப் போனால் மட்டும் என் வண்டி நகராது. நின்றபடியே ஒரு பக்கம், இரண்டு பக்கம் படிப்பேன். அதில் ஒரு இங்கிலாந்துக்காரரின் புத்தகத்தில்தான் 'சிட்டி பிரேக்' என்ற வார்த்தையைப் பார்த்தேன். ஒரு ஊர், மூன்று நாள், ஒரு சின்னப் பெட்டி. அங்கே யாரையும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

தொண்ணூற்றொன்பது ஜூலையில் எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம் நிறைந்தது. அந்தக் கோடையில் ஊருக்கும் போவதாக இருந்தது. என் வீட்டுக்காரர் குழந்தைவேலு கம்ப்யூட்டர்காரர், வாரி வழங்குகிற மனுஷர், ஆனால் நமக்கு என்ன வேண்டும் என்று கேட்க மட்டும் தெரியாது. அதனால் நானே சொல்லிவிட்டேன்.

"ஏனுங்க, கல்யாண நாளுக்கு எனக்கு நகை வேண்டாம். போற வழியில பாரிஸ்ல மூணு நாளு எறங்கோணும்."

"அதுக்கென்ன, எறங்கலாமே. பாரிஸ்ல யாரு இருக்கறாங்க?"

"யாருமே இருக்கக் கூடாது. அதுதான் நான் கேக்கறது. ஹோட்டல்ல தங்கோணும். யாரு ஊட்டுலயும் நான் வெங்காயம் உரிக்க மாட்டேன். உங்க ஆபீஸ்காரரோட மாமன், அவரு மச்சான்னு யாரையும் தேடிப் புடிக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

"இதென்ன வம்பா இருக்குது. தெரியாத ஊருல..."

"சத்தியம்."

பண்ணினார். வாயில் பாக்கு போட்ட மாதிரி முணுமுணுவென்றுதான் பண்ணினார், ஆனாலும் சத்தியம் சத்தியம்தான்.

பெருந்துறைக்குப் போனில் சொன்னபோது என் மாமியாருக்கும் அதே சந்தேகம். "பாரிஸ்ல நம்ம ஒறம்பரை ஆருடா கண்ணு இருக்கறா?" என்று மகனைக் கேட்டார். ஒருத்தரும் இல்லை என்றதும் "ஏரோப்பிளேனு ரிப்பேரா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிடுங்கள் என்று நான் சைகை காட்டினேன். மனுஷர் என்னை முறைத்துவிட்டு, "இல்லம்மா, சாந்தாமணி பாக்கோணுங்கறா" என்றார். பழியை என் தலையில் கட்டிவிட்டார். ஆனால் அது நிஜம்தானே, எனக்குக் கோபம் வரவில்லை.

பிளான் முழுக்க என் கையால் போட்டேன். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், காலையில் அங்கேயே ரொட்டி, காபி தர வேண்டும் என்று தேடி, ஒரு சின்ன ஹோட்டலைப் பிடித்தேன். லைப்ரரி ஃபேக்ஸ் மெஷினில், மேற்பார்வைக்கார அம்மாவிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, தேதியும் பெயரும் எழுதி அனுப்பினேன். மறுநாளே பதில் வந்தது: 'ஏழு, கோடு, ஆறு. மூன்று இரவுகள். சரி.' அந்தக் காகிதத்தைக் கவரில் போட்டுப் பத்திரப் பதிவு மாதிரி பீரோவில் வைத்தேன். பத்து வருஷத்தில் என் பெயரில் ஒரு அறை!

4

பிரான்ஸ் விசா வாங்க நியூயார்க் போனோம். கிரீன் கார்டு வந்தால் உலகத்துக் கதவெல்லாம் திறந்துவிடும் என்று நினைத்தவர்கள் நாங்கள். அது அமெரிக்கக் கதவை மட்டும்தான் திறக்குமாம். பாஸ்போர்ட் இன்னும் இந்தியா, ஆகவே வரிசையில் நில். எங்கள் மகள் திவ்யா இங்கே பிறந்தவள், எட்டு வயது. மூன்று பேரில் அவள் ஒருத்திக்குத்தான் விசா தேவையில்லை. இது தெரிந்ததிலிருந்து அந்தக் குட்டி பண்ணின பந்தாவுக்கு அளவே இல்லை. "யூ கைஸ் கோ ஸ்டாண்ட் இன் லைன், ஐ டோன்ட் நீட் இட்" என்று பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

கவுன்டரில் கண்ணாடி போட்ட அம்மா ஒருத்தர். எங்கள் மனுக்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மிஸ்டர் ராமசாமி எங்கே?" என்று கேட்டார்.

"அது என் அப்பா" என்றார் இவர்.

"அவரும் பயணம் செய்கிறாரா?"

"இல்லை."

"பின்னே ஏன் அவர் பெயர் இருக்கிறது?"

நமக்கெல்லாம் குடும்பப் பெயர் ஏது? அப்பா பெயர்தான் வால், கல்யாணமான பெண்ணுக்குப் புருஷன் பெயர். அவர் வாலில் ராமசாமி. என் வாலிலும் மகள் வாலிலும் குழந்தைவேலு. ஒரே வீட்டில் புருஷன் மட்டும் வேறு குடும்பம் மாதிரி நின்றார். ராமசாமி மாமா அந்த நேரத்தில் பெருந்துறையில் எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்திருப்பார், அவருக்கு பாரிஸ் போகும் உத்தேசம் இல்லை என்று விளக்கி முடிப்பதற்குள் இவருக்கு வேர்த்துவிட்டது.

அடுத்த கேள்வி வந்தது: "பாரிஸில் உங்களுக்கு யாரைத் தெரியும்?"

பிரான்ஸ் அரசாங்கமும் பெருந்துறைதானா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன். "யாரையும் தெரியாது. அதற்காகத்தான் போகிறோம்" என்றேன் ஆங்கிலத்தில்.

அந்த அம்மா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். ஹோட்டல் பதில் காகிதத்தை எடுத்துக் காட்டினேன். அதை மேலோட்டமாகப் பார்த்து, என் விரல் மோதிரத்தைப் பார்த்து, என்ன நினைத்தாரோ, லேசாகச் சிரித்துவிட்டு முத்திரை குத்தினார். கீழே இறங்கி வந்ததும் தெருவோரத்தில் நின்று மூன்று பேரும் ஐஸ்கிரீம் சாப்பிட்டோம். இவர் மட்டும் அரை மனசாகச் சாப்பிட்டார்.

5

ஜூலை ஆறாம் தேதி காலையில் போய் இறங்கினோம். ரயில் பிடித்து, மேப்பைப் பிடித்து, ஒருத்தரையும் வழி கேட்காமல் நானே ஹோட்டல் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். அந்தப் பெருமையில் நாலு படி ஏறினதே தெரியவில்லை. கவுன்டரில் மெலிந்த இளைஞன் ஒருவன். கவரைப் பிரித்து ஃபேக்ஸை நீட்டினேன்.

அவன் படித்தான். லெட்ஜரைப் புரட்டினான். முந்தைய பக்கங்களுக்குப் போனான். பிறகு வருத்தமான முகத்தோடு உடைந்த ஆங்கிலத்தில் சொன்னான்: "மதாம், நாங்கள் உங்களுக்காகக் காத்திருந்தோம். ஒரு மாதத்துக்கு முன்னால்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவன் காகிதத்தில் விரல் வைத்துக் காட்டினான். ஏழு, கோடு, ஆறு. ஏழாம் தேதி, ஆறாம் மாதம்.

ஐயோ! தலையில் அடித்துக்கொண்டேன். நம் ஊரில் தேதி முன்னால், மாதம் பின்னால். பிரான்ஸிலும் அப்படித்தான். இந்த அமெரிக்காவில்தான் தலைகீழ். வந்த புதிதில் திவ்யாவின் பிறந்த தேதியை நம் வழக்கப்படி எழுதப்போய், ஏப்ரலில் பிறந்தவளை டேகேரில் செப்டம்பர் பிள்ளையாக்கி, தவழும் குழந்தைகளோடு படுக்கப் போட்டுவிட்டார்கள். அந்த அவமானத்தில் கையைப் பழக்கிப் பழக்கி மாதத்தை முன்னால் எழுத வைத்தேன். அன்று லைப்ரரியிலும் கை பழைய ஞாபகத்தில் ஆறு என்றுதான் ஆரம்பித்தது. அதை அழகாக அடித்துத் திருத்தி ஏழை முன்னால் போட்டேன். சும்மா விட்டிருந்தால் சரியாக இருந்திருக்கும். பழகின புத்தி கெடுத்தது.

அறை இல்லை. ஜூலை மாதம், ஊரே நிரம்பி வழிகிறதாம், பக்கத்தில் எங்கேயும் கிடைக்காது என்று அந்தப் பையன் கையை விரித்தான். திவ்யா பெட்டிமேல் உட்கார்ந்து தூங்க ஆரம்பித்துவிட்டாள். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

அவர் மெதுவாகச் சட்டைப் பையில் கைவிட்டு, நாலாக மடித்த சீட்டு ஒன்றை எடுத்தார்.

"கோவிச்சுக்காத சாந்தா. நம்ம ஆபீஸ் ஜோசப்போட சகலை இங்கதான் இருக்காராம். பாண்டிச்சேரிக்காரரு. சும்மா ஒரு ஆத்திர அவசரத்துக்குன்னு நம்பர் வாங்கி வெச்சேன்."

"சத்தியம் பண்ணினீங்க."

"பண்ணினேன். இப்ப புள்ளையைத் தெருவுலயா படுக்க வெக்கறது?"

தப்பு என் கையெழுத்தில் இருக்கிறது. அந்த நிமிஷம் எனக்கு வந்த அழுகை, அறை போச்சே என்பதற்காக இல்லை. மூன்று நாள், எழுபத்திரண்டு மணி நேரம், யாருக்கும் ஒறம்பரை ஆகாமல் இருக்க வேண்டும் என்று கேட்டேன். அதையும் நானே என் கையால் கெடுத்துக்கொண்டேன். இதோ, கொஞ்ச நேரத்தில் யாரோ ஒருத்தி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவேன், "நான் நறுக்கறேன், கத்தியைக் குடுங்க" என்பேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதேன். "போன் பண்ணுங்க" என்றேன்.

இவர் கவுன்டர் போனிலிருந்தே பேசினார். அந்தப் பக்கத்துக் குரல் எனக்கே கேட்டது, அவ்வளவு சந்தோஷமான தொண்டை. அமலோர் என்று பெயர். "அட, ஜோசப்பு சொன்னாரே! வாங்க சார், நம்ம வீடு இருக்கறப்போ ஓட்டலா? சம்சாரத்துகிட்ட குடுக்கறேன், வழி சொல்லுவாங்க. உங்க வீட்டம்மாகிட்ட குடுங்க."

நான் ரிசீவரை வாங்கினேன். வழக்கமான சங்கதிதான், பெண்கள் பேசினால்தான் விருந்து உறுதி.

"வணக்கம்க்கா! நான் ஃபிலோமினா பேசறேன். வாங்கக்கா, கண்டிப்பா வாங்க. சாப்பிடாம வாங்க" என்று கணீரென்று ஒரு குரல். அதற்குப் பிறகு ஏதோ ஒரு கதவு சாத்தப்படும் சத்தம். மறுபடி வந்தபோது குரல் கிசுகிசு என்று இறங்கியிருந்தது.

"அக்கா. அவரு பால்கனிக்குப் போயிட்டாரு, சிகரெட் புடிக்க. ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"வராதீங்கக்கா."

நான் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"கால்ல விழறேன். போன வாரம்தான் ஒரு குடும்பம் போச்சு, அவங்க பெட்ஷீட்டே இன்னும் காயல. சனிக்கெழம இன்னொண்ணு வருது. பாரிஸ்னாலே எங்க வீடுதான்க்கா. கோடை பூரா இப்படித்தான். ஈபில் டவருக்கு முப்பது தடவ கூட்டிட்டுப் போயிருப்பேன், ஒரு தடவகூட மேல ஏறினதில்ல. கீழ நின்னு பை பாத்துக்குவேன்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "அம்மணி, நானும் வரோணும்னு ஆசப்படலீங்க. சத்தியமா" என்றேன். அந்தப் பக்கம் 'ஹப்பா' என்று ஒரு மூச்சு.

"அப்ப போனை அந்தக் கவுன்டர் ஆள்கிட்ட குடுங்க. சீக்கிரம்."

கொடுத்தேன். ஃபிலோமினா அவனிடம் பிரெஞ்சில் என்ன பேசினாளோ தெரியாது. முதலில் அவன் தலையை ஆட்டி மறுத்தான். பிறகு புருவத்தைத் தூக்கி எங்கள் மூன்று பேரையும் பார்த்தான். பிறகு வாய்விட்டுச் சிரித்தான். போனை வைத்துவிட்டு, வேறு மூன்று நம்பர்களுக்குப் பேசி, இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன ஹோட்டலில், ஐந்தாம் மாடியில், லிஃப்ட் இல்லாத ஒரு அறையைப் பிடித்துக் கொடுத்தான். பெட்டியைப் பாதி தூரம் அவனே தூக்கி வந்தான்.

"அவங்க என்ன சொன்னாங்க? ஏன் வர வேண்டாமாம்?" என்று இவர் வழியெல்லாம் கேட்டார்.

"உங்களுக்குப் புரியாது, நடங்க" என்றேன்.

6

அறை கையகலம்தான். சாய்ந்த கூரை, இவர் நிமிர்ந்தால் தலை இடிக்கும். திவ்யா உள்ளே வந்ததும் ஷூவைக் கழற்றி வாசலோரம் ஒழுங்காக வைத்தாள். பிறகு என் காதருகில் வந்து ரகசியமாகக் கேட்டாள்: "அம்மா, ஹூஸ் ஹவுஸ் இஸ் திஸ்? வேர் இஸ் தி ஆன்ட்டி?"

ஆன்ட்டி இல்லை, இது நம் அறை என்றேன். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. எட்டு வயதில் அவள் பார்த்த முதல் ஹோட்டல் அது. மறுநாள் காலையில் எழுந்து பார்க்கிறேன், தன் போர்வையை நாலாக மடித்து மூலையில் அடுக்கி, தலையணையை அதன்மேல் வைத்து, பக்கத்தில் அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்திருக்கிறாள். அடுத்தவர் வீட்டில் எழுந்தால் அப்படிச் செய்ய வேண்டும் என்று நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். அந்தப் போர்வையைப் பிரித்துக் கட்டிலில் தாறுமாறாக எறிந்தேன். "குதி" என்றேன். அம்மாவுக்கு என்ன ஆச்சு என்று ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுக் குதித்தாள்.

என் வீட்டுக்காரருக்குத்தான் முதல் நாள் முழுக்கக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எட்டு மணிக்கு யாரும் சாப்பிடக் கூப்பிடாத ஊரில் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. மெட்ரோவில் யாரோ தமிழ் பேசுவது கேட்டு, சொந்தத் தம்பியைக் கண்ட மாதிரி திரும்பினார். சட்டைக் கையைப் பிடித்து இழுத்து அடுத்த பெட்டிக்குக் கூட்டிப் போனேன். அவர் எனக்குத் தெரியாமல் பெட்டியில் வைத்திருந்த பருப்புப் பொடி டப்பா இருந்தும் பிசைந்து சாப்பிடச் சோறு இல்லை. நீளமான ரொட்டியும் தக்காளியும் சீஸும் வாங்கி, கட்டிலில் செய்தித்தாளை விரித்து மூன்று பேரும் சாப்பிட்டோம். துணியெல்லாம் ரொட்டித் தூள். யாருடைய கட்டில், யார் கூட்டுவார்கள் என்ற கவலை இல்லாமல் கை உதறினேன்.

கல்யாண நாளன்று ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தோம். "அப்பறம் என்ன பண்ணலாங்கறே?" என்று இவர் கேட்டார். சாதாரணக் கேள்விதான். என் நோட்டில் அன்றைக்கு இரண்டு மியூசியமும் ஒரு சர்ச்சும் எழுதியிருந்தது. ஆனால் எனக்கு என்ன தோன்றுகிறது என்று யோசித்துப் பார்த்தால், ஒன்றுமே தோன்றவில்லை, அது அவ்வளவு சுகமாக இருந்தது. "சித்த நேரம் சும்மா இருக்கலாங்க" என்றேன். சும்மா இருந்தோம். அவர் பெஞ்சில் சாய்ந்து குறட்டை விட்டார். திவ்யா புறாவை விரட்டினாள். பத்து வருஷத்தில் நான் கேட்டு வாங்கின ஒரே பரிசு அதுதான், முழுசாக வாங்கிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் ஈபில் டவரில் ஏறினோம். பைகளையும் தூக்கிக்கொண்டே ஏறினேன்.

7

ஒன்பதாம் தேதி விமான நிலையத்திலிருந்து ஃபிலோமினாவுக்குப் போன் போட்டேன். அமலோர் வேலைக்குப் போயிருந்தார், அவளே எடுத்தாள்.

"அக்கா! ரூம் நல்லாருந்துச்சா?"

"நல்லாருந்துச்சு அம்மணி. அந்தப் பையன்கிட்ட அன்னிக்கி அப்படி என்ன சொன்னீங்க? அந்தச் சிரிப்பு சிரிச்சானே."

"உள்ளதைத்தான் சொன்னேன். நீ ரூம் குடுக்கலேன்னா இவங்க மூணு பேரும் என் வீட்டுக்குத்தான் வருவாங்க, என்னைக் காப்பாத்துப்பான்னேன். அவங்க வீட்டுலயும் கோடையில இதே கதையாம். அவனோட அம்மா வீடு கடலோரமாம், லீவுக்கு எல்லாரும் அங்கதான் வந்து எறங்குவாங்களாம்."

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவள் ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தாள். எங்கே போனீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், ஆற்றங்கரையில் பழைய புத்தகக் கடை இருக்குமே பார்த்தீர்களா, டவர் மேலே காற்று எப்படி இருந்தது. அவள் ஏழு வருஷமாக இருக்கும் ஊரை, மூன்று நாள் இருந்துவிட்டு வந்த நான் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். இவர் விமானத்துக்கு நேரமாகிறது என்று கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

போனை வைக்கும் முன்னால் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. எங்கள் பக்கத்தில் அதைச் சொல்லாமல் யாரும் பேச்சை முடிக்க மாட்டார்கள். 'ஒருக்கா நம்ம ஊட்டுக்கு வாங்க.' நாக்கு நுனிவரை வந்துவிட்டது. முழுங்கினேன்.

"அம்மணி, ஒருக்கா நியூயார்க்குக்கு வாங்க. எங்க ஊட்டுக்கு வர வேண்டாம். நல்ல ஹோட்டலா நானே பாத்து வெக்கறேன். தேதியை எழுத்துல எழுதி அனுப்புங்க, நம்பர் போட வேண்டாம்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நெஜமாவாக்கா சொல்றீங்க?"

"நெஜமாத்தான். எத்தன நாளுக்கு?"

"மூணு நாளு."

"எத்தன பேருக்கு? குழந்தைங்களுக்கு எக்ஸ்ட்ரா கட்டில் சொல்லோணும்."

அந்தப் பக்கம் ஒரு குழாயை மூடுகிற சத்தம் கேட்டது. பால்கனியில் யாரும் இல்லாத நேரத்திலும் அவள் குரல் அன்றைக்கு மாதிரியே இறங்கிவிட்டது.

"நான் மட்டும் தனியா வந்தா... ரூம் குடுப்பாங்களாக்கா?"

"குடுப்பாங்க அம்மணி" என்றேன்.